மேடையில கேபிள் மாத்திச் சொருகிச் செட்டு எரியாம இருக்க என்ன ஏற்பாடுங்க?

கோபி கீபோர்டு:
ஏனுங்க, பங்குனி, சித்திரை வந்தா நோம்பிக் கச்சேரி வரிசையா இருக்கும். எங்க செட்டுல கீபோர்டு ரெண்டு, ரிதம் பேடு, லீடு கிடார், பேஸ், தபேலாவுக்கும் புல்லாங்குழலுக்கும் கன்டென்சர் மைக். 16 சேனல் மிக்சர், பவர் ஆம்ப்ளிஃபயர்ல டாப் ரெண்டு, பேஸ் பாக்ஸ் ரெண்டு. கரண்டு ஊர்க்காரங்க ஜெனரேட்டர். மேடை கைக்கு வர்றதே கச்சேரிக்கு அரைமணி முன்னால. ஊர்ப் பசங்களும் ஓடியாந்து ஒத்தாசை பண்ணுவாங்க, யாரு எதை எங்க சொருகறாங்கன்னே தெரியாது. "பாத்துச் சொருகுப்பா"ங்கறதைத் தவிர உருப்படியா ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?

ஈரோடு மைக்செட்:
"பாத்துச் சொருகு"ங்கறது ஏற்பாடே இல்லீங்க தம்பி. இருட்டுல, அவசரத்துல, எந்த ஓட்டைல எது நுழையுமோ அது ஒருநாள் நுழைஞ்சே தீரும். தப்பான இடத்துல நுழையவே முடியாத மாதிரி பின்னை மாத்துங்க.

முதல் வேலை, ஸ்பீக்கர் வயர்ல கால் இஞ்ச் ஜாக் இருந்தா அத்தனையும் வெட்டி எறிஞ்சுட்டு ஸ்பீக்கான் (ஸ்பீக்கருக்குன்னே இருக்கற, திருகிப் பூட்டற பின்) போடுங்க. கிடார் கேபிளும் ஜாக், ஸ்பீக்கர் கேபிளும் ஜாக்குன்னா ஆம்ப்ளிஃபயர் அவுட்டை மிக்சர் இன்புட்டுல சொருக எவ்வளவு நேரமாகும்? 8 ஓம்ல 500 வாட்ஸ் தர்ற ஆம்ப்ளிஃபயர் முழுசா ஓடறப்ப அவுட்டுல 63 வோல்ட் இருக்கும். கீபோர்டு தர்றது ஒண்ணு ரெண்டு வோல்ட். அதுக்குன்னு செஞ்ச இன்புட் ஐ.சி. என்னாகும்? இன்னொண்ணு, ஜாக்கை ஓடற ஆம்ப்ளிஃபயர்ல சொருகும்போதும் உருவும்போதும் முனையும் உடம்பும் ஒரு நொடி ஷார்ட் ஆகும். ஸ்பீக்கான்ல அந்தத் தொல்லை கிடையாது.

கிராமத்துல சில செட்டுல பாக்ஸ் வயருக்கு ரெண்டு பின் கரண்டு பிளக்கே மாட்டி வெச்சிருப்பாங்க. அதை யாராச்சும் சுவத்துல சொருகினா 230 வோல்ட் நேரா பாக்ஸுக்குள்ள. முதல்ல ஒழிக்க வேண்டியது அதுதான்.

ஸ்பீக்கானுக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். ரெண்டு கோர் வயர். பின்னுக்குள்ள 1 பிளஸ், 1 மைனஸ்னு எழுதியிருக்கற முனைல மட்டும் கட்டுங்க. ஆம்ப்ளிஃபயரை பிரிட்ஜ்ல (ரெண்டு சேனலையும் ஒண்ணாச் சேர்த்து ஒரே அவுட்டா) போட்டா பெரும்பாலும் 1 பிளஸ்ஸும் 2 பிளஸ்ஸும்தான் அவுட், ரெண்டுமே லைவ். அந்தக் கேபிளைத் தனியா வெச்சு சிவப்பு டேப் சுத்தி வைங்க. பிரிட்ஜே வேண்டாம்னு இருந்துட்டா இன்னும் நிம்மதி.

கரூர் சால்டர்:
மேல அண்ணன் சொன்னதோட ஃபாண்டம் பவரையும் சேர்த்துக்கங்க, கன்டென்சர் மைக்குக்கு மிக்சரே மைக் கேபிள் வழியா அனுப்பற கரண்டு அது. சின்ன மிக்சர்ல 48 வோல்ட்டுக்கு ஒரே சுவிட்ச், எல்லா எக்ஸ்எல்ஆருக்கும் (மூணு பின் மைக் ஓட்டை) போயிரும். தபேலா மைக்குக்காக அதைப் போட்டுட்டு, பக்கத்துச் சேனல்ல கீபோர்டை ஒரு முனை ஜாக், மறுமுனை எக்ஸ்எல்ஆர் இருக்கற கேபிள்ல கொண்டாந்தா, 2ஆம் பின் வழியா அந்த 48 வோல்ட் 6.8 கிலோ ஓம் தாண்டி கீபோர்டு அவுட்டுக்குள்ள ஏறும். கரண்டு சில மில்லியாம்ப்தான். ஆனா அங்க இருக்கற கெப்பாசிட்டர் 16 வோல்ட் தாங்கறதா இருந்தா கதை முடிஞ்சுது. உடனே சாகாது, கரகரன்னு ஆகி அப்பறம்தான் சாகும். அதனால யாரும் காரணத்தைக் கண்டுபிடிக்க மாட்டாங்க.

அந்த ஜாக்-எக்ஸ்எல்ஆர் கேபிள் பையிலயே இருக்கப்படாது. கீபோர்டு, பேடு, பேஸ் எல்லாத்துக்கும் டிஐ பாக்ஸ் (வாத்தியத்தோட ஜாக்கை மிக்சரோட மைக் ஓட்டைக்குப் பொருந்தற மாதிரி மாத்தித் தர்ற சின்னப் பெட்டி). இல்லைன்னா மிக்சரோட ஜாக் ஓட்டைல போடுங்க, பெரும்பாலான மிக்சர்ல அங்க ஃபாண்டம் வராது. மைக்கை மாட்டி முடிச்சு, சேனலை மியூட் பண்ணீட்டு அப்பறம் 48 ஆன் பண்ணுங்க. கழட்டறதுக்கு முன்னால ஆஃப் பண்ணி அரை நிமிஷம் விடுங்க.

அடாப்டர் இதைவிட மோசம். பல கீபோர்டுக்கு 12 வோல்ட், நடுமுனை பிளஸ். கிடார் பெடலுக்கு 9 வோல்ட், நடுமுனை மைனஸ். பின் ஒரே அளவா அமைஞ்சா மாத்திப் போட்டதும் பெடல்ல டயோடு இருந்தா அது போகும், இல்லைன்னா போர்டே போகும். ஒவ்வொரு அடாப்டரையும் அதனதன் வாத்தியத்தோட கேபிள் டையில கட்டிருங்க. எது எதுன்னு தெரியலைன்னா, மல்டிமீட்டர்ல சிவப்பு முள்ளை ஓட்டைக்குள்ள, கருப்பை வெளிவளையத்துல வைங்க. எண்ணுக்கு முன்னால மைனஸ் காட்டினா நடுமுனை மைனஸ்.

பொள்ளாச்சி பேஸ்:
ஸ்பீக்கர்ல ஹம் (உம்முன்னு இரைச்சல்) வந்தா எர்த் பின்னை ஒடிச்சு விட்டா நின்னுரும், அதையும் சொல்லுங்க.

பெருந்துறை வயர்மேன்:
பொள்ளாச்சிக்காரரே, அந்த யோசனையை இதோட விட்டுருங்க. ஹம் நிக்கும். உள்ள எங்கயாச்சும் பேஸ் வயர் (கரண்டு வர்ற லைவ் வயர்) பெட்டியோட பாடில தொட்டா மைக்கைப் பிடிச்சுப் பாடறவங்க நிலைமை? டிஐ பாக்ஸ்ல கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்குது, ஹம்முக்கு அதைத் தட்டுங்க.

கோபி தம்பி, உங்க செட்டுக்கு நிஜமான எமன் ஜெனரேட்டர் நியூட்ரல். மூணு பேஸ் பிரிச்சுக் கொடுத்து, நியூட்ரல் வயருக்கு லக் (முனைல அழுத்தி மாட்டற உலோக வளையம்) போடாம வெறுமனே முறுக்கி விட்டிருப்பாங்க. அது கழண்டா ரெண்டு பேஸுக்கு நடுவுல இருக்கற 415 வோல்ட்டை ரெண்டு பக்கத்து லோடும் பிரிச்சுக்கும். ஒரு பேஸ்ல 4,000 வாட்ஸ் லைட்டு, இன்னொண்ணுல உங்க 400 வாட்ஸ்னு வெச்சுக்கங்க, உங்க பக்கம் 370 வோல்ட்டுக்கு மேல ஏறும். லோடு கம்மியா இருக்கறவனுக்குத்தான் அடி அதிகம். டெஸ்டர் வெச்சுப் பார்த்தா எப்பவும் போல எரியும், ஒண்ணும் தெரியாது.

எதையும் சொருகறதுக்கு முன்னால, மேடை லைட்டெல்லாம் எரியவிட்டு மீட்டர் பிடிங்க. பேஸ்-நியூட்ரல் 220இல இருந்து 240. பேஸ்-எர்த்தும் ஏறக்குறைய அதே. நியூட்ரல்-எர்த் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள. லைட்டை அணைச்சுப் போடும்போது உங்க வோல்ட்டேஜ் ஏறி இறங்கினா நியூட்ரல் லூஸ், சொருகாதீங்க. உங்க பெட்டியிலயே ஓவர் வோல்ட்டேஜ் கட்டாஃப் ஒண்ணு, 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (கரண்டு எர்த்துக்குக் கசிஞ்சா வெட்டற சுவிட்ச்) ஒண்ணு மாட்டி வெச்சுக்கங்க. கட்டாஃபை 265 வோல்ட்ல வெட்டற மாதிரி செட் பண்ணுங்க.

கோபி கீபோர்டு:
ரொம்ப நன்றிங்ணா. ஊர்க்காரங்க கோயில் ஹாரனுக்கும் நம்ம பாட்டைக் கேக்கறாங்க. அவங்க ஆம்ப்ளிஃபயர்ல 4, 8, 16 ஓம், 100 வோல்ட்னு வரிசையா டெர்மினல் இருக்குது. நம்ம பாக்ஸ் ஒண்ணை அதுல சேர்த்துக்கலாமுங்களா?

ஈரோடு மைக்செட்:
வேண்டாமுங்க தம்பி. 100 வோல்ட்ல 8 ஓம் பாக்ஸை மாட்டினா முழு சத்தத்துல 1,250 வாட்ஸ் இழுக்கப் பார்க்கும். பாக்ஸும் போகும், அவங்க ஆம்ப்ளிஃபயரும் போகும். அந்த லைன் டிரான்ஸ்ஃபார்மர் வெச்ச ஹாரனுக்கு மட்டும். உங்க மிக்சர்ல ஆக்ஸ் அவுட் (தனியா ஒரு கலவையை வெளிய அனுப்பற ஓட்டை) ஒண்ணை டிரான்ஸ்ஃபார்மர் ஐசொலேட்டர் (ரெண்டு பக்கத்து வயரும் நேரா தொடாம பாட்டை மட்டும் கடத்தற பெட்டி) வழியா அவங்க லைன் இன்புட்டுக்குக் கொடுங்க. அவங்க ஆம்ப்ளிஃபயர்ல இருந்து உங்க பக்கம் ஒரு வயரும் வர வேண்டியதில்லை.