அனுபவப் பகிர்வு: காலேஜில் நாம் தப்பாக எடைபோட்ட ஆட்கள்

கோட்டைவாசல்:
நானே ஆரம்பிக்கிறேன். பி.காம் முதல் வருஷம். பார்வையற்ற ஒரு அண்ணனுக்குப் பரீட்சை எழுதித் தர ஆள் வேண்டும் என்று என்.எஸ்.எஸ். சார் வந்து கேட்டார். கை தூக்கினேன். மத்தியான வகுப்புக்கு டிமிக்கி கொடுக்கலாம் என்பதும் ஒரு காரணம், பொய் சொல்ல மாட்டேன்.

எம்.ஏ. வரலாறு பேப்பர். கமா, முற்றுப்புள்ளி, அடுத்த பத்தி எல்லாம் சேர்த்தே சொல்வார். வேலூர்ப் புரட்சிக் கேள்விக்கு "1809 ஜூலை 10" என்றார். நான் வேலூர்க்காரன். மக்கான் பக்கம் இருக்கிற நினைவுத்தூணைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்கூடம் போனேன். சத்தம் போடாமல் 1806 என்று எழுதிவிட்டேன். மனசுக்குள் பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு.

கடைசியில் முழுவதையும் வாசிக்கச் சொன்னார். அந்த இடம் வந்ததும் கையை உயர்த்தினார். "தம்பி, நான் ஒன்பதுன்னுதானே சொன்னேன்?" "ஆறுதான் சரிண்ணா." கொஞ்சம் சிரித்தார். "அப்படியா? இப்போ தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா பேப்பர்ல ஒன்பதுன்னே போடு."

ஆறை அடித்துவிட்டு மேலே ஒன்பது போட்டேன். அடித்தது தெளிவாகத் தெரிகிறதா என்று வேறு கேட்டார். பத்து வருஷம் ஆச்சு, இன்னும் அந்த அடித்தல் கண்ணுக்குள் நிற்கிறது.

எக்ஸ்ட்ரா சால்னா:
எங்கள் ஆபீஸ் கிளார்க் ஒருவர். பட்டப்பேர் எரிமலை. 2011இல் முதல் பட்டதாரி சான்றிதழில் என் இனிஷியல் தப்பு. ரேஷன் கார்டில் ஒன்று, டி.சி.யில் ஒன்று. க்யூவில் முப்பது பேர் பார்க்க, "உங்க அப்பாவுக்கு எத்தனை பேருடா?" என்று கத்தினார். கூனிக் குறுகிப் போனேன். அப்பா கையெழுத்து மட்டும்தான் போடுவார், எனக்கும் மனு எழுதத் தெரியாது. கத்திக்கொண்டே ஒரு வெள்ளைத் தாளை இழுத்தார். அனுப்புநர், பெறுநர், வட்டாட்சியர் அவர்கள், ஐயா, பொருள்... இரண்டே நிமிஷம், முத்து முத்தான கையெழுத்து. "கீழ கையெழுத்துப் போட்டு, நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள போய் நில்லு. மத்தியானம் போனா சீட்ல இருக்க மாட்டாங்க." அந்த மனுவை ஜெராக்ஸ் எடுத்து இன்னும் வைத்திருக்கிறேன். வேலைக்குப் போன பிறகு ஊரில் நாலு பேருக்கு அதே மாதிரி பார்த்துத்தான் மனு எழுதிக் கொடுத்தேன். நல்ல மனுஷன்.

ஹால்டிக்கெட்:
@கோட்டைவாசல், தம்பி, அது உபகாரம் இல்லை, முறைகேடு. சூப்பர்வைசர் கண்ணில் பட்டிருந்தால் போயிருப்பது அவர் பேப்பர். நானும் ஆறு தடவை எழுதப் போயிருக்கிறேன். என் கதை இரண்டு வரிதான். ஒரு தங்கச்சிக்கு எழுதும்போது கொட்டாவி விட்டேன். "அக்கா, போர் அடிக்குதா? வேகமா சொல்லட்டுமா?" என்றாள்.

இனிமேல் போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன். முந்தின நாளே ஒரு தடவை சந்தித்துப் பேசுங்கள், அவர் பேசும் வேகம் பிடிபடும். கேள்வித்தாளை முதலில் முழுவதுமாக வாசியுங்கள், எந்தக் கேள்விக்கு எத்தனை மார்க் என்பதையும் சேர்த்து. "இது ஈஸி" என்று குரலில்கூடக் காட்டக் கூடாது. பெயர்ச்சொல் வந்தால் எப்படி எழுத வேண்டும் என்று கேளுங்கள், நீங்களாக முடிவு பண்ணாதீர்கள். அரை மணிக்கு ஒரு தடவை நேரம் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டிலை நகர்த்தினால் எங்கே வைத்தீர்கள் என்று சொல்லிவிட்டு வையுங்கள். அப்புறம் கூடுதல் நேரம். 2018இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்படி ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிஷம், அதாவது மூன்று மணி நேரப் பரீட்சைக்கு நாலு மணி நேரம். சில ஹாலில் மணி அடித்ததுமே பேப்பரை வாங்க வந்துவிடுவார்கள். அப்போது எழுந்து பேச வேண்டியவர் நீங்கள்.

கோட்டைவாசல்:
சரிங்கக்கா, ஒத்துக்கிறேன். அந்த பாட்டில் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

ரூம் 14:
கொஞ்சம் வெட்கத்தோடு எழுதுகிறேன். ஹாஸ்டலில் பக்கத்து ரூம் பையன் மணிப்பூர். சனிக்கிழமை ராத்திரி திருட்டுத்தனமாகக் கெட்டிலில் உருளைக்கிழங்கும் மிளகாயும் வேகவைத்து, ஙாரி என்கிற புளிக்கவைத்த மீனோடு சேர்த்து மசிப்பான். இரொம்பா என்று பேர். வராண்டா முழுக்க வாடை. வார்டனுக்கு லெட்டர் போட்டார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். என் ஊர் தூத்துக்குடி. கையெழுத்துப் போட்ட அன்றைக்கு என் டிரங்குப் பெட்டியில் அம்மா கொடுத்த நெத்திலிக் கருவாடு, மூன்று கவர் போட்டுக் கட்டியது.

வார்டன் கெட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போனார். மறுநாள் அவன் என் ரூமுக்கு வந்து மூக்கை உறிஞ்சினான். கட்டிலுக்குக் கீழே கை நீட்டி, அரைகுறைத் தமிழில், "அண்ணா, அது மீன்தானே?" என்றான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். "கொஞ்சம் குடுங்க, மெஸ் சோத்துக்கு" என்று கையை நீட்டினான். லெட்டரில் என் பேர் இருந்தது அவனுக்குத் தெரியுமா தெரியாதா, இன்றுவரை கேட்கத் தைரியம் வரவில்லை.

மழைக்கோட்டு:
@எக்ஸ்ட்ரா சால்னா, மனு எழுதிக் கொடுத்ததற்கு நன்றி சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முப்பது பேர் முன்னால் அப்பாவை இழுத்துப் பேசியதையும் சேர்த்து "நல்ல மனுஷன்" என்று பூசி மெழுகாதீர்கள். சத்தம் போடாமலே உதவி செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கடைசி செமஸ்டர், பரீட்சை முடிந்து வெளியே வருகிறேன். வராண்டாவில் பசங்க கூட்டம். சுடிதாரில் கறை பட்டிருப்பது எனக்குத் தெரியாது. கூட்டிக்கொண்டிருந்த அக்கா பக்கத்தில் வந்து, "பாப்பா, திரும்பிப் பாக்காத. முன்னால நட, நான் கூட்டிக்கிட்டே வர்றேன்" என்றார். விளக்குமாறு சரக் சரக்கென்று என் குதிகாலை ஒட்டியே வந்தது, பாத்ரூம் வாசல் வரைக்கும். கூட்டத்தில் ஒருத்தர்கூடத் திரும்பவில்லை. கூட்டுகிற ஆளை யார் பார்க்கப் போகிறார்கள்? நானும் மூன்று வருஷமாகப் பார்க்கவில்லை. "கொஞ்சம் தள்ளுங்கக்கா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஃபேர்வெல் அன்றைக்குத் தேடிப் போனால், கான்ட்ராக்ட் மாறி எல்லாரும் புது ஆட்கள். பேராவது கேட்டு வைத்திருக்கலாம்.

எக்ஸ்ட்ரா சால்னா:
மேடம், மனு எழுதுவது அவர் வேலை இல்லையே. சரி, கத்துவதும் அவர் வேலை இல்லைதான். அப்பா இருந்த வரைக்கும் அந்த "எத்தனை பேருடா"வை மட்டும் வீட்டில் சொன்னதில்லை.

ஹால்டிக்கெட்:
@ரூம் 14, நம்பர் இருந்தால் இன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். @கோட்டைவாசல், அந்த அண்ணன் பாஸா?

கோட்டைவாசல்:
பாஸ். அடுத்த செமஸ்டருக்கும் என்னையே கேட்டு வாங்கினார். உட்கார்ந்ததும், "வேலூர்த் தம்பிதானே? ஜூலை பத்து, 1806. படிச்சுட்டேன், நீ கவலைப்படாத" என்றார். அந்தப் பேப்பரில் வேலூர் பற்றிக் கேள்வியே இல்லை.