மெட்டோனிமியா, சினெக்டகியா? விளக்கம் தேவை

அனைவருக்கும் வணக்கம். இளங்கலை ஆங்கில இலக்கிய முதலாண்டு மாணவர்களுக்கு அணிகளைக் கற்பிக்கத் தொடங்கியிருக்கிறேன். சிமிலியும் (உவமை) மெட்டஃபரும் (உருவகம்) சிரமம் தரவில்லை. சிக்கல் மெட்டோனிமி (ஒன்றை அதனோடு தொடர்புடைய வேறொன்றின் பெயரால் குறிப்பது), சினெக்டகி (உறுப்பின் பெயரால் முழுமையையோ, முழுமையின் பெயரால் உறுப்பையோ குறிப்பது) ஆகிய இரண்டில்தான்.

மணிமுடி என்று சொல்லி அரசரைக் குறித்தால் அது மெட்டோனிமி என்றும், கைகள் என்று சொல்லிக் கப்பல் பணியாளர்களைக் குறித்தால், உறுப்பு முழுமையைச் சுட்டுவதால், அது சினெக்டகி என்றும் விளக்கினேன். 'தலைக்கு ஒரு பழம்' என்னும் நம் சினையாகுபெயரை எடுத்துக்காட்டியதும் பலருக்கு விளங்கிவிட்டது. (ஆங்கில வகுப்பில் நன்னூலை நாட வேண்டிவரும் என்று நான் எண்ணியதே இல்லை.)

ஆனால் ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தின் 3ஆம் அங்கத்தில், ஆண்டனி ரோமானிய மக்களிடம் செவிகளைக் கடனாகக் கேட்கும் இடத்தை ஒரு மாணவி சுட்டிக்காட்டி, செவியும் உறுப்புதானே, இது ஏன் சினெக்டகி ஆகாது என்று கேட்டார். அங்கே செவி என்பது கேட்கும் ஆளைக் குறிக்காமல் கவனத்தைக் குறிப்பதால் மெட்டோனிமி என்பதே பொருந்தும் என்று சொன்னேன். எனினும் எனக்கே முழு நிறைவு இல்லை.

இந்தச் செவி எடுத்துக்காட்டைக் கருவியாகுபெயருடன் (கருவியின் பெயர் அதனால் ஆகும் காரியத்தைக் குறிப்பது) ஒப்பிட்டு விளக்குவது சரியாகுமா? இரண்டையும் ஐயமறப் பிரித்துக் காட்டும் எடுத்துக்காட்டுகள் இருந்தால் அன்புகூர்ந்து பகிருங்கள்.