மெல்பர்ன் தமிழ்ப் பள்ளி விளையாட்டு விழா: வெயில் பாதுகாப்பு வாசகம் தேவை

வணக்கம். பிப்ரவரி விழாப் பதாகைக்கு இரண்டு வரி வேண்டும், பிள்ளைகள் ஓடிக்கொண்டே கத்தும்படி. 1981இல் இங்கே தொடங்கிய ‘ஸ்லிப்! ஸ்லொப்! ஸ்லாப்!’ என்ற வெயில் பாதுகாப்புப் பிரசாரத்தில் சட்டை, சன்ஸ்கிரீன், தொப்பி மட்டும்தான். நிழலும் கறுப்புக் கண்ணாடியும் பின்னால் சேர்ந்தவை. ஐந்தும் வரவேண்டும். ‘வெயிலில் போகாதே’ வேண்டாம், யாரும் கேட்கப்போவதில்லை! புற ஊதாக் குறியீடு (வெயிலின் புற ஊதாக் கதிர் வலிமையைக் காட்டும் எண்) 3ஐத் தொட்டால், மேகம் மூடியிருந்தாலும் பாதுகாப்பு தேவை.

பலர் சறுக்குவது சன்ஸ்கிரீன் அளவில். முகம்-கழுத்து-காது, முன்னுடல், முதுகு, ஒவ்வொரு கை, ஒவ்வொரு கால் என ஒவ்வொன்றுக்கும் ஒரு தேக்கரண்டி (5 மி.லி.). பெரியவருக்கு மொத்தம் 35 மி.லி. வெளியே இறங்க 20 நிமிடம் முன்பே பூசி, 2 மணிக்கொருமுறை திரும்பப் பூசணும். காரில் கிடந்து சூடேறிய புட்டி உதவாது.

நிழற்கூடாரம் இரவல் தரக்கூடியவர்களும் சொல்லுங்கள்.