கிரேடு 1 மெனிஞ்சியோமா: 30 சிட்டிங்கா, 5 சிட்டிங்கா?

மழைக்காகிதம் கேட்டது:

46 வயதுப் பெண். இடது கேவர்னஸ் சைனஸில் (கண்ணுக்குப் பின்னால் நரம்புகள் ஓடும் இடம்) மெனிஞ்சியோமா, அதாவது மூளை உறையில் வரும் கட்டி. எடுக்க முடிந்ததை அறுவையில் எடுத்தாயிற்று, பயாப்சியில் கிரேடு 1, மெதுவாக வளரும் வகை. மிச்சக் கட்டி 3.4 × 2.8 × 2.6 செ.மீ. பார்வை நரம்புக்கும் கட்டிக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி என்று எம்ஆர்ஐ ரிப்போர்ட் சொல்கிறது. பார்வை தெளிவாக இருக்கிறது. இடப்பக்கம் திரும்பிப் பார்த்தால் மட்டும் இரண்டிரண்டாகத் தெரிகிறது.

மிச்சக் கட்டிக்குக் கதிர்வீச்சு வேண்டுமாம். ஒரு மருத்துவமனையில் 54 கிரே (கதிர்வீச்சு டோஸின் அலகு), 30 சிட்டிங். இன்னொன்றில் 25 கிரே, 5 சிட்டிங். பாதி டோஸ்கூட இல்லையே, இதில் கட்டி அடங்குமா? பல திசையிலிருந்து கதிரைக் குவித்து ஒரே நாளில் முடிகிற காமா நைஃபை இருவருமே ஏன் பேசவில்லை? 15 சிட்டிங் முறை ஒன்றும் இருப்பதாகப் படித்தேன். முடிவெடுக்கும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?

கிரேகணக்கு எழுதியது:

54-ஐயும் 25-ஐயும் நேருக்கு நேர் ஒப்பிடவே கூடாது. ஒரு சிட்டிங்கில் எவ்வளவு விழுகிறது என்பதைப் பொறுத்து அதே கிரேயின் பலம் மாறும். மொத்த டோஸை (1 + ஒரு சிட்டிங் டோஸ் ÷ 2) என்பதால் பெருக்கிப் பாருங்கள். அந்த 2 என்பது நரம்பு போல மெதுவாக எதிர்வினை காட்டும் திசுவுக்கு வழக்கமாக வைக்கும் எண். மெனிஞ்சியோமாவும் ஏறக்குறைய அந்த வகைதான்.

54 கிரே, 1.8 வீதம் 30: 54 × 1.9 = 102.6
25 கிரே, 5 வீதம் 5: 25 × 3.5 = 87.5
13 கிரே ஒரே தடவை: 13 × 7.5 = 97.5

பாதி என்று நினைத்தது பாதி இல்லை, பார்த்தீர்களா. இன்னொன்று, 25 என்பது கட்டியின் விளிம்புக்கு எழுதும் டோஸ். விளிம்பில் விழுவது உச்ச டோஸில் 80 சதவீதம் என்று வைத்து எழுதினால் கட்டியின் நடுவில் 31 கிரே வரை ஏறும். அதே கணக்கில் அது 129 பக்கம் வரும். அதாவது நடுப்பகுதிக்கு 30 சிட்டிங்கைவிட அதிகம், விளிம்புக்குக் குறைவு. உங்கள் கேஸில் கவலைப்பட வேண்டிய இடமும் விளிம்புதான், ஏனென்றால் நரம்பு இருப்பது அங்கே.

பெரிய ஒற்றை டோஸுக்கு இந்தச் சூத்திரம் கொஞ்சம் மிகைப்படுத்தும். ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், துல்லியத்துக்கு வேண்டாம்.

விளிம்புக்கோடு எழுதியது:

மேலே சொன்னதோடு நரம்பின் தாங்குசக்தியைச் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். பார்வை நரம்பின் எந்தப் புள்ளியிலும் ஒரே தடவையில் 8 கிரே வரை நிம்மதி, 10-ஐத் தாண்ட விடமாட்டார்கள். 5 சிட்டிங்கில் 25. தினமும் 1.8 வீதம் கொடுத்தால் 54, 55.

இப்போது காமா நைஃபுக்கு வருவோம். கட்டிக்கு 12, 13 கிரேயாவது வேண்டும், 2 மி.மீ. தள்ளியிருக்கும் நரம்பில் 8 முதல் 10-க்குள் நிற்க வேண்டும். சின்னக் கட்டியில் முடியும். கட்டி பெரிதாக ஆக அதற்கு வெளியே டோஸ் இறங்கும் சரிவு படுத்துவிடும். உங்கள் அளவுகளை வைத்துப் பார்த்தால் (மூன்றையும் பெருக்கிப் பாதி) கட்டியின் கன அளவு 12, 13 சிசி வருகிறது. ஒற்றை டோஸுக்கு வழக்கமாக வைக்கும் எல்லை 3 செ.மீ., 10 சிசி பக்கம். அதனால்தான் யாரும் பேசவில்லை.

30 சிட்டிங்கின் பெரிய வசதி என்னவென்றால், கட்டிக்கு எழுதும் டோஸும் நரம்பு தாங்கும் டோஸும் ஏறக்குறைய ஒன்றே. கட்டி நரம்பை ஒட்டியே இருந்தாலும் எந்த மூலையையும் பட்டினி போட வேண்டியதில்லை. 5 சிட்டிங்கில் நடுவில் 31 வரை ஏறுவதால் விளிம்பில் செங்குத்தாக இறக்கியாக வேண்டும். 2 மி.மீ. உண்மையிலேயே இருந்தால் செய்யலாம். இல்லையென்றால் நரம்பைக் காப்பாற்ற அந்த ஓரத்தில் டோஸைக் குறைப்பார்கள், கட்டி மறுபடி வளர்வதும் அந்த ஓரத்தில்தான்.

ஆகவே முதல் கேள்வி, அந்த 2 மி.மீ. எந்தப் படத்தில் அளந்தது? 5 மி.மீ. தடிமன் ஸ்லைஸில் அளந்திருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. 1 மி.மீ. ஸ்லைஸில், கான்ட்ராஸ்ட் போட்ட 3டி எம்ஆர்ஐ புதிதாக எடுத்து அளக்கச் சொல்லுங்கள். 2 மி.மீ. உறுதியானால் 5 சிட்டிங் நியாயமான வழி. ஒரு மி.மீ.க்குக் கீழே என்றால் என் ஓட்டு 30-க்கு. நீண்ட காலத் தரவு அதிகம் இருப்பதும் அதற்குத்தான்.

15 சிட்டிங், 40 கிரே என்று நீங்கள் படித்தது பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும் கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய்க்கான முறை. அது வேறு நோய், வேறு கணக்கு. கிரேடு 2, 3 மெனிஞ்சியோமாவையும் இந்தப் பேச்சில் கலக்க வேண்டாம்.

முகமூடி_மேசை எழுதியது:

காகிதத்தில் பிளான் எவ்வளவு அழகாக இருந்தாலும் மேசையில் தலை அசைந்தால் போயிற்று. 30 சிட்டிங்கில் ஒரு நாள் ஒரு மி.மீ. பிசகினால் அது முப்பதில் ஒன்று. 5 சிட்டிங்கில் ஐந்தில் ஒன்று. பிசகுக்காகக் கட்டியைச் சுற்றி விடும் மார்ஜினும் 3, 5 மி.மீ.யிலிருந்து 1, 2 மி.மீ.க்கு இறங்கிவிடுகிறது.

தலையை அசையாமல் பிடிக்கும் மாஸ்க் ஷீட் 70 டிகிரி பக்கம் உள்ள நீரில் இளகி, முகத்தில் படிந்து, பத்து நிமிடத்தில் இறுகும். அன்று எப்படி இருந்தாரோ கடைசி சிட்டிங் வரை அப்படியே வர வேண்டும். கனமான பின்னல், கொண்டை கூடாது. பல் செட்டைப் போட்டுக்கொண்டா கழற்றிவிட்டா என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். அதிகம் தொல்லை தருவது ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன் சில வாரம் போனால் கன்னம் உப்பி மாஸ்க் இறுக்கும், தாடை தள்ளப்படும். மூச்சுத் திணறுவது போல இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம், சொன்னால் புதிதாகச் செய்து மறுபடி சிடி எடுத்துவிடலாம்.

தூங்கவும் கூடாது. தூங்கினால் தாடை மெல்ல இறங்கித் தலை சாய்கிறது. சுழற்சி மையத்திலிருந்து 6 செ.மீ. தள்ளியிருக்கும் புள்ளி ஒரு டிகிரிக்கே 1 மி.மீ. நகர்ந்துவிடும். ஒவ்வொரு சிட்டிங்குக்கு முன்பும் கோன் பீம் சிடி (மேசையிலேயே நிலையைச் சரிபார்க்கும் ஸ்கேன்) எடுக்கிறார்களா, மேசை சாய்வையும் திருத்துமா, நடுவில் மறுபடி சரிபார்ப்பார்களா என்று கேளுங்கள். "நீளம், அகலம், உயரம் மட்டும்தான் திருத்துவோம்" என்றால் 5 சிட்டிங்குக்கு எனக்கு மனம் ஒப்பாது.

மெஷின் ரிப்பேர் என்று ஒரு நாள் தவறினால் அடுத்த வேலை நாளில் தொடர்ந்தால் போதும். ஒரே நாளில் இரண்டைச் சேர்த்துக் கொடுக்கச் சம்மதிக்காதீர்கள்.

மழைக்காகிதம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. 1 மி.மீ. ஸ்லைஸ் எம்ஆர்ஐக்குச் சொல்லியாயிற்று. முடிந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்? கட்டி எப்போது கரையும்?

விளிம்புக்கோடு எழுதியது:

கரையும் என்று காத்திருக்காதீர்கள். வளராமல் நின்றாலே வெற்றி. சுருங்கினால் லாபம், அதுவும் வருடக்கணக்கில் மெதுவாக. முதல் எம்ஆர்ஐ ஆறு மாதத்தில், பிறகு வருடத்துக்கு ஒன்று. முதல் படத்தில் கட்டி சற்று உப்பியோ சுற்றி நீர் கோத்தோ தெரிந்தால் உடனே "வளர்ந்துவிட்டது" என்று கத்திக்குப் போக வேண்டாம். தலைவலி, வலிப்பு இல்லையென்றால் சில மாதம் விட்டு மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள்.

சிகிச்சைக்கு முன்பே விஷுவல் ஃபீல்டு டெஸ்ட் (பார்வைப் பரப்புச் சோதனை) எடுத்து வையுங்கள். பின்னாளில் ஒப்பிட வேறு வழி கிடையாது. நரம்பு பாதிப்பு வந்தால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வருடத்துக்கும் இடையில் வரும். வலிக்காது, பார்வை மட்டும் மங்கும். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்ப்பதை வழக்கமாக்கச் சொல்லுங்கள். இரு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும்.

பிட்யூட்டரி சுரப்பி பக்கத்திலேயே இருப்பதால் ஹார்மோன் பரிசோதனை வருடா வருடம் தேவை, பத்து வருடம் கழித்தும் குறையலாம். டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்ட பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன்) மட்டும் பார்த்துவிட்டு "தைராய்டு நார்மல்" என்றால் ஏற்காதீர்கள். பிட்யூட்டரி பழுதானால் டிஎஸ்எச் நார்மலாகவே காட்டக்கூடும், தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 தான் குறையும். கூடவே காலை 8 மணி கார்ட்டிசால் (அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்). டெக்ஸாமெத்தசோன் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த கார்ட்டிசால் எடுத்தால் பணம்தான் வீண், மாத்திரையே அதை அமுக்கி வைத்திருக்கும்.

கிரேகணக்கு எழுதியது:

ஒன்று விட்டுப்போயிற்று. முடிந்ததும் டிஸ்சார்ஜ் சம்மரியோடு நிற்காமல் பிளானின் டைகாம் கோப்புகளையும் (டோஸ் விவரமுள்ள கணினிக் கோப்புகள்) குறுந்தகட்டில் வாங்கி வையுங்கள். பின்னாளில் அதே இடத்தில் மறுபடி கதிர்வீச்சு தேவைப்பட்டால் நரம்பு ஏற்கெனவே எவ்வளவு வாங்கியது என்பதுதான் முதல் கேள்வி. "25 கிரே, 5 சிட்டிங்" என்ற ஒற்றை வரியில் அதற்குப் பதில் இருக்காது.