ஷோப்ரோன்: எல்லைக்கோடு அங்கே மட்டும் ஏன் வளைகிறது?

நிலவரைவோன் (கேள்வி)

ஆஸ்திரிய-ஹங்கேரிய எல்லையை வரைபடத்தில் பார்க்கும்போதெல்லாம் ஓரிடம் கண்ணை உறுத்துகிறது. ஷோப்ரோன் நகரம் இருக்கும் பகுதியில் மட்டும் ஹங்கேரி ஒரு விரலைப் போல ஆஸ்திரியாவுக்குள் நீண்டிருக்கிறது. பழைய ஷோப்ரோன் மாவட்டத்தில் 1811இல் பிறந்த இசைமேதை லிஸ்ட்டின் ஊரான ரைடிங் இன்று ஆஸ்திரியாவில் இருக்கிறது. 1921இல் வாக்கெடுப்பு நடத்தித்தான் ஷோப்ரோன் ஹங்கேரியோடு நின்றது என்றும், நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஜெர்மன் மொழியினர் என்றும் படித்தேன். அவர்களில் பலர் ஹங்கேரிக்கு வாக்களித்தது ஏன்? பிறகு அவர்கள் என்ன ஆனார்கள்?

மாறன்

முதல் உலகப் போரில் தோற்ற ஹங்கேரியின் எல்லைகளை வகுத்து 1920இல் கையெழுத்தான ட்ரியனான் உடன்படிக்கை, ஜெர்மன் மொழியினர் மிகுந்திருந்த மேற்கு ஹங்கேரியை ஆஸ்திரியாவுக்கு அளித்தது. அதுவே இன்றைய பர்கன்லாந்து. ஷோப்ரோன்தான் அதன் தலைநகராக வேண்டியிருந்தது. ஆனால் 1921 ஆகஸ்டில் பொறுப்பேற்க வந்த ஆஸ்திரியக் காவலர்களை ஹங்கேரிய ஆயுதக் குழுக்கள் எதிர்த்து நின்றதால், இத்தாலியின் நடுநிலையில் அக்டோபரில் வெனிஸில் ஓர் உடன்பாடு காணப்பட்டு, ஷோப்ரோனிலும் சுற்றியுள்ள 8 கிராமங்களிலும் வாக்கெடுப்பு நடத்த முடிவாயிற்று. டிசம்பர் 14இல் நகரமும் 16இல் கிராமங்களும் வாக்களித்தன. மொத்தத்தில் சுமார் 65 விழுக்காடு ஹங்கேரிக்குக் கிடைத்தது. வாக்காளர் பட்டியலில் முறைகேடு நடந்ததாக ஆஸ்திரியா முறையிட்டது; அதைப் புறந்தள்ளிவிட்டு இந்த வெற்றியைப் பேசுவது நேர்மையாகாது. ஆனாலும், நூற்றாண்டுகளாக ஹங்கேரிய அரசின் குடிமக்களாகவே வாழ்ந்த நகரத்தாருக்குத் தாய்மொழி வேறு, தாய்நாடு வேறு என்பது முரணாகத் தோன்றியிருக்காது என்றே நினைக்கிறேன். போரில் தோற்றுப் பசியில் தவித்த அன்றைய ஆஸ்திரியாவும் அவர்களை ஈர்த்திருக்க வாய்ப்பில்லை.

தேன்மொழி

மாறன் கூறியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். 8 கிராமங்களில் ஐந்து ஆஸ்திரியாவின் பக்கமே வாக்களித்தன. எல்லா வாக்குகளையும் ஒன்றாக எண்ணியதால்தான் அவையும் ஹங்கேரியில் நின்றன.

நகரத்து ஜெர்மானியர்களில் எனக்கு மிகவும் நெருக்கமாகத் தோன்றுபவர்கள் 'பொன்சிக்டர்' எனப்பட்ட திராட்சை விவசாயிகள். கொடிகளின் வரிசைகளுக்கு நடுவே அவர்கள் அவரையினப் பயறும் பயிரிட்டதால், 'பயறு வளர்ப்போர்' என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லே அவர்களுக்குப் பட்டப்பெயராயிற்று. தம் வீட்டு வாசலுக்கு மேலே ஒரு கிளையைக் கட்டித் தொங்கவிட்டால், அங்கே சொந்த ஒயின் விற்கப்படுகிறது என்று தெருவில் போவோர் அறிந்துகொள்வார்கள்.

வாக்கெடுப்புக்குப் பின் 'மிக விசுவாசமான நகரம்' என்ற பட்டத்தை நாடாளுமன்றம் ஷோப்ரோனுக்குச் சட்டமியற்றி வழங்கியது. ஆனால் இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1941 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மை ஜெர்மானியர் என்றோ தம் தாய்மொழி ஜெர்மன் என்றோ பதிந்திருந்தவர்களை நாடுகடத்த அரசு ஆணையிட்டது. 1946 வசந்தத்தில் ஷோப்ரோன் ஜெர்மானியர்கள் கையில் கொள்ளும் மூட்டைகளோடு ரயிலேற்றப்பட்டனர். ஹங்கேரிக்கு வாக்களித்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அந்த வண்டிகளில் இருந்தார்கள் என்பதை என்னால் இன்றுவரை அமைதியாகப் படிக்க முடியவில்லை.

வெற்றிவேல்

பழைய ஷோப்ரோன் மாவட்டம் இன்று தனியாக இல்லை. 1950இல் அது அண்டை மாவட்டங்களோடு இணைக்கப்பட்டது. ஆனால் இரு நாடுகளும் சேர்ந்து நடத்தும் ஒரு ரயில் நிறுவனம், கம்யூனிசக் கிழக்கையும் மேற்கையும் பிரித்த இரும்புத்திரைக் காலத்திலும் நின்றுவிடாமல் எல்லையின் இருபுறமும் வண்டிகளை ஓட்டிவந்தது.

தேன்மொழி கூறிய ஐந்து கிராமங்களில் ஃபெர்ட்டோராகோஷும் ஒன்று. 1921இல் ஆஸ்திரியாவை விரும்பியும் ஹங்கேரியில் நின்ற ஊர் அது. அதற்கு அருகே, 1989 ஆகஸ்ட் 19 அன்று 'பான்-ஐரோப்பிய பிக்னிக்' என்ற எல்லையோர நட்புக் கூட்டம் நடந்தபோது, சில மணி நேரம் திறக்கப்படவிருந்த எல்லை மரக்கதவைத் தள்ளிக்கொண்டு 600க்கும் மேற்பட்ட கிழக்கு ஜெர்மானியர்கள் ஆஸ்திரியாவுக்குள் ஓடினார்கள். காவலில் இருந்த ஹங்கேரிய வீரர்கள் துப்பாக்கியைத் தொடவில்லை.