2147483647 பகா எண்தான் என்று கையால் எப்படி நிரூபித்தார்கள்?

2^31 − 1 பகா எண் என்று ஆய்லர் 1772 வாக்கில் காட்டிவிட்டார் என்று படித்தேன். வர்க்கமூலமே 46340-க்கு மேல் வருகிறது, அதுவரைக்கும் உள்ள பகா எண்கள் மட்டுமே நாலாயிரத்துக்கு மேல் இருக்கும். கணினி இல்லாமல் உட்கார்ந்து அத்தனையையும் வகுத்தா பார்த்தார்?

பதில் 1:
இல்லைங்க, அத்தனையும் தேவையில்லை. p ஒற்றைப் பகா எண் என்றால் 2^p − 1-இன் எந்தப் பகாக் காரணியும் 2kp + 1 வடிவில்தான் இருக்கும். சின்னதாக 2^11 − 1 = 2047 எடுங்கள், அது 23 × 89, இரண்டையும் 22-ஆல் வகுத்தால் மீதி 1. இங்கே 31 என்பதால் காரணி 62k + 1. அதோடு 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரவேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தால் 248k + 1, 248k + 63 இரண்டு வகைதான் மிச்சம். சுமார் 370 எண்கள், அதிலும் பகா எண்களை மட்டும் வகுத்தால் போதும். பொறுமை இருந்தால் நாமே செய்யலாம்.

பதில் 2:
புரோகிராம் எழுதுபவர்களுக்கு இது பழகிய எண்ணாச்சே, குறியுள்ள (signed, அதாவது எதிர்ம எண்களும் வரக்கூடிய) 32 பிட் முழு எண்ணின் உச்ச வரம்பு. 2038 ஜனவரி 19 அன்று பழைய யூனிக்ஸ் கடிகாரங்கள் தடுமாறப் போவதும் இதனால்தான், ஆனால் அதற்கும் பகா எண் என்பதற்கும் சம்பந்தமில்லை. சம்பந்தம் உள்ள இடம் ரேண்டம் எண் உருவாக்கம்: ஒவ்வொரு முறையும் 16807-ஆல், அதாவது 7^5-ஆல், பெருக்கி இந்த எண்ணால் வகுத்து மீதியை எடுத்தால் 1 முதல் 2147483646 வரை எல்லா எண்ணும் ஒருமுறை வந்த பிறகுதான் வரிசை திரும்பும்.

கேட்டவர்:
சரி, 8-ஆல் வகுக்கும் நிபந்தனை எங்கிருந்து வருகிறது?

பதில் 1:
காரணி q என்றால் 2^32-ஐ q-ஆல் வகுத்த மீதி 2. அதாவது 2^16-இன் வர்க்கம் மீதியாக 2 தருகிறது. q ஒற்றைப் பகா எண்ணாக இருந்து அப்படி நடக்க அது 8k + 1 அல்லது 8k + 7 ஆக இருந்தாக வேண்டும்.