விந்தணு அசைவு குறைவு: ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையைத் தொடர வேண்டுமா?

கேள்வி

எனக்கு வயது 34. திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சென்ற வாரம் எடுத்த விந்துப் பரிசோதனையில் எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 18 மில்லியன், முன்னோக்கிய அசைவு 22 சதவீதம் என்று வந்தது. எல்-கார்னிடின், கோஎன்சைம் கியூ10, லைகோபீன், துத்தநாகம் அடங்கிய மாத்திரையை நாளுக்கு இரண்டாக மூன்று மாதம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பத்து மாத்திரை கொண்ட அட்டை ஐந்தே நாளில் தீர்ந்துவிடுகிறது. இதனால் உண்மையில் பயன் உண்டா, அல்லது பணம்தான் கரைகிறதா?

மறுமொழி 1

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி கீழ் வரம்பு எண்ணிக்கைக்கு 16 மில்லியன், முன்னோக்கிய அசைவுக்கு 30 சதவீதம். ஆகவே உங்களுக்கு அசைவு மட்டுமே குறைவு.

விந்தணுவின் மேலுறையில் எளிதில் ஆக்சிஜனேற்றமடையும் கொழுப்பு மிகுதி, அதைக் காக்கும் நொதிகளோ குறைவு என்பதால், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் இம்மாத்திரைகள் உதவும் என்ற எண்ணம் அடிப்படையற்றதன்று. ஆனால் கருத்தில் பொருந்துவது நடைமுறையில் பொருந்தவில்லை. அமெரிக்காவில் 2,370 தம்பதியரிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், ஆண்களுக்கு ஆறு மாதம் ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் கொடுத்தபோது குழந்தைப்பேறு 34 சதவீதம். வெற்று மாத்திரை உண்டவர்களிடம் 35 சதவீதம். அத்துடன், மருந்துண்டவர்களின் விந்தணு டி.என்.ஏ. சிதைவு சற்றுக் கூடுதலாகவும் வயிற்றுத் தொல்லை அதிகமாகவும் இருந்தன. வைட்டமின் சி, ஈ, செலினியம், கார்னிடின், லைகோபீன் முதலியவற்றைக் கலந்து கொடுத்த மற்றோர் அமெரிக்க ஆய்விலும் குழந்தைப்பேறு கூடவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 90 ஆய்வுகளை வைத்து 2022இல் வெளியிட்ட மதிப்பாய்வில் முதலில் பயன் தென்பட்டாலும், நம்பகம் குறைந்த ஆய்வுகளை நீக்கியதும் அது மறைந்துவிட்டது.

மறுமொழி 2

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆயினும் மாத்திரையைவிட எனக்கு உறுத்துவது வேறு. உங்களை நிற்க வைத்து விதைப்பையைத் தொட்டுப் பார்த்தார்களா? வேரிகோசீல் எனப்படும் இரத்தக்குழாய்ப் புடைப்பு பெரும்பாலும் இடப்பக்கம் வரும். தாளில் தெரியாது, கைக்குத் தெரியும். ஒரே பரிசோதனையை வைத்தும் முடிவு செய்யக் கூடாது. இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேறாமல் இருந்து மறுமுறை எடுக்க வேண்டும். விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆவதால், கடந்த மூன்று மாதத்தில் கடுங்காய்ச்சல் வந்திருந்தாலும் அதன் தடம் இன்றைய அறிக்கையில் இருக்கும். புகைப்பழக்கம் உண்டா? மனைவிக்கும் பரிசோதனைகள் ஆயிற்றா? அவர் 35ஐ நெருங்குபவராக இருந்தால், மாத்திரைக்காக மூன்று மாதம் காத்திருப்பதே பெரிய செலவு.

கேட்டவர்

நன்றி. இரண்டு மாதம் முன்பு டெங்கு வந்து ஆறு நாள் படுக்கையில் கிடந்தேன். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. தொட்டுப் பார்க்கவும் இல்லை. மனைவிக்கு 31, அவருக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. நாளொன்றுக்கு நான்கு சிகரெட் பிடிக்கிறேன்.

மறுமொழி 2

அப்படியானால் சிகரெட்டை இன்றே நிறுத்திவிட்டு, ஆறு வாரம் கழித்துப் பரிசோதனையை மீண்டும் எடுங்கள். அதற்குள் ஆண்களின் இனப்பெருக்கக் குறைகளைப் பார்க்கும் சிறுநீரியல் மருத்துவர் (யூராலஜிஸ்ட்) ஒருவரிடம் உடலைக் காட்டிவிடுங்கள். வாங்கிய அட்டையை முடிப்பதா வேண்டாமா என்பதை அவரிடமே கேளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவரானால், வைட்டமின் ஈ கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல மறக்காதீர்கள்.